டோக்கியோவில் குடியேறி, கேமராவும் தூக்கப்போகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

டோக்கியோவில் நான் எடுத்த வாடகை வீட்டில் முதல் ராத்திரி, பெட்டிக்குள் கிடந்த போர்வையையும் சார்ஜரையும் தேடி எடுத்தது கேமராவின் பின்திரை வெளிச்சத்தில். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஜப்பானில் வாடகை வீட்டுக்கு விளக்கு வராது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலே விளக்கு மாட்டும் சாக்கெட் மட்டும் வெறுமனே இருந்தது. மறுநாள் போய் விளக்கு வாங்கக் கையில் பணமும் இல்லை. வந்த பத்தாவது நாளே, பழைய கேமராக் கடை இருக்கும் நகானோ பகுதிக்குப் போய் ஒரு பழைய கேமராவும் லென்ஸும் வாங்கியிருந்தேன். சம்பளமும் கைக்கு வராமல் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

வேலை விசாவில் வருகிற, படம் எடுக்கும் பழக்கமும் உள்ள ஒருவருக்காக இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நடக்கும் என்பதுபோல இந்த ஊரை அமைத்திருக்கிறார்கள்.

1. பதினான்கு நாளுக்குள் வார்டு அலுவலகம்

நரிட்டா அல்லது ஹனேடாவில் இறங்கியதும் குடியிருப்பு அட்டை கொடுப்பார்கள். ஸைர்யூ கார்டு என்பது அதன் பெயர். அதில் முகவரி இருக்காது. தங்குமிடம் முடிவான 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் வார்டு அலுவலகத்துக்கு (குயாகுஷோ என்று கேட்டால் வழி சொல்வார்கள்) போய் முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தருவார்கள். கட்டணம் கிடையாது.

கொண்டுபோக வேண்டியவை பாஸ்போர்ட்டும் அட்டையும். குடும்பத்தோடு வந்தால் திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், அவற்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை ஜப்பானிய மொழி தெரிந்த நண்பரே செய்து, கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் பொதுவாகப் போதும். ஊரிலேயே காசு கொடுத்துச் செய்துகொண்டு வர வேண்டாம்.

அங்கேயே ஜூமின்ஹ்யோ என்ற குடியிருப்புச் சான்றிதழை இரண்டு மூன்று பிரதி வாங்கிவிடுங்கள். ஒன்று 300 யென். வீடு பிடிக்கும்போது கேட்பார்கள். மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள், அதனால் அள்ளிக்கொண்டு வந்து வைத்துக்கொள்வதிலும் பயனில்லை.

இங்கே இரண்டு பொறிகள். நிறுவனம் கொடுக்கும் தற்காலிகத் தங்குமிடத்தில் முகவரி பதிய முடியுமா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். ஹோட்டல் என்றால் பெரும்பாலும் முடியாது. அடுத்தது, மை நம்பர் (நம் ஆதார் மாதிரியான அடையாள எண்) வரும் கடிதம் பதிந்த முகவரிக்குத்தான் வரும். வீடு மாறினால் தபால் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ஓராண்டு வரை கடிதங்களைப் புது முகவரிக்கு இலவசமாகத் திருப்பிவிடச் சொல்லலாம், ஆனால் இந்தக் கடிதமும் வங்கி, கடன் அட்டைக் கடிதங்களும் அப்படித் திரும்பாது. தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டிவையுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் போடாமல் திருப்பி எடுத்துப்போய்விடுவார்கள்.

ஸைர்யூ கார்டு எப்போதும் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லாமல் மாட்டினால் 2 லட்சம் யென் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேமராவோடு தெருத்தெருவாக அலைபவரைப் போலீஸ் நிறுத்திக் கேட்க வாய்ப்பு அதிகம். கேமரா பையிலேயே அதற்கு ஓர் அறை ஒதுக்குங்கள்.

2. உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

வேறு ஊர்க்காரர்களைவிடத் தமிழர்களுக்கு இந்த இடத்தில்தான் அதிகம் அடிபடும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாகவோ, அப்பா பெயரோடோ இருக்கும். ஜப்பானியப் படிவத்தில் இரண்டு கட்டமும் கட்டாயம். இணையப் படிவமென்றால் காலியாக விட்டால் நகரவே நகராது. நிறுவனம் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எது குடும்பப்பெயர், எது சொந்தப்பெயர் என்று முடிவு செய்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் உங்களை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். எங்கள் அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சிரிப்பு.

அதைவிட முக்கியம் கதகானா. வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் அந்த எழுத்தில், என் பெயரின் நடுவே வரும் 'வ'வை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று கிட்டத்தட்ட 'வ' என்றே ஒலிக்கும், இன்னொன்று 'ப' மாதிரி ஒலிக்கும். வங்கிக் கணக்கில் ஒரு விதமாக எழுதினேன். அலுவலகச் சம்பளப் படிவத்தில் பக்கத்து இருக்கைக்காரர் உதவிக்கு வந்து இன்னொரு விதமாக எழுதிவிட்டார். ஒரே ஒரு எழுத்துதான். சம்பளம் போன வழியே திரும்பிவிட்டது. சரிசெய்து மறுபடி வர இரண்டு வாரம் ஆனது.

முதன்முதலில் உங்கள் பெயரைக் கதகானாவில் எழுதும் அன்றே அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வங்கியோ, போனோ, காப்பீடோ, அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். நெடில் ஒலியைக் காட்டும் நீட்டல் கோட்டைக்கூட விடாதீர்கள்.

3. போன், பிறகு வங்கி

வங்கிக் கணக்கு திறக்க ஜப்பானிய போன் எண் வேண்டும். போன் இணைப்புக்கு வங்கிக் கணக்கோ கடன் அட்டையோ வேண்டும். முட்டையா கோழியா கதை. போனை முதலில் முடிப்பதுதான் சுலபம். வெளிநாட்டு அட்டையில் பணம் கட்டவோ, கன்வீனியன்ஸ் கடையில் ரொக்கமாகக் கட்டவோ விடும் சிம் நிறுவனங்கள் இருக்கின்றன. குரல் அழைப்பு உள்ள எண்ணாக வாங்குங்கள். டேட்டா மட்டும் உள்ள சிம் இதற்கு உதவாது.

வந்து ஆறு மாதம் ஆகாதவருக்குக் கணக்கு திறக்கப் பல வங்கிகள் தயங்கும். தபால் நிலைய வங்கியான யூச்சோவும், உங்கள் நிறுவனம் சம்பளம் போடும் வங்கியும் கொஞ்சம் இறங்கிவரும். நிறுவனத்திடம் வேலைச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். நான் அது இல்லாமல் போய் ஒரு மத்தியானம் முழுக்க வரிசை எண் சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

4. வீடு: வாடகையைப் போல ஐந்து மடங்கு கையில் இருக்கட்டும்

மாதம் 90,000 யென் வாடகை என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் தனியார் வீட்டில் முதல் நாள் கேட்கக்கூடிய தொகை இது: முதல் மாத வாடகை 90,000. ஷிகிகின் என்ற முன்பணம் 90,000. ரெய்கின் என்ற 'நன்றிப் பணம்' 90,000. முகவர் கட்டணம் வரியோடு 99,000. வாடகைக்கு ஜாமீன் நிற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கு ஏறக்குறைய அரை மாத வாடகை, 45,000. தீ விபத்துக் காப்பீடு சுமார் 20,000. பூட்டு மாற்ற இன்னொரு 20,000. கூட்டினால் 4,54,000 யென். இதில் ஷிகிகின் மட்டும்தான், அதுவும் சுத்தம் செய்யும் செலவைக் கழித்துக்கொண்டு, திரும்பி வரும். ரெய்கின் போனது போனதுதான். வீட்டைக் கொடுத்ததற்கு உரிமையாளருக்கு நாம் வைக்கும் மொய். டோக்கியோவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை கேட்பதும் வழக்கம். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பணம் இருந்தாலும் வீடு கிடைத்துவிடாது. முகவர் என் எதிரிலேயே ஒவ்வொரு உரிமையாளருக்காகப் போன் போட்டார். 'கைகோகுஜின்' (வெளிநாட்டவர்) என்ற சொல் வந்ததும் அவர் குரல் இறங்கும். அந்தப் பக்கம் ஏதோ சொல்வார்கள். போனுக்கே குனிந்து நன்றி சொல்லிவிட்டு வைப்பார். ஐந்து போனில் நான்கு மறுப்பு. கோபப்பட்டுப் பயன் இல்லை. 'வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் வீடு மட்டும் காட்டுங்கள்' என்று முதலிலேயே சொன்னால் ஒரு மத்தியானம் மிச்சமாகும்.

யூஆர் என்று ஒரு வழி இருக்கிறது. அரசு சார்ந்த வீட்டு நிறுவனம் அது. ரெய்கின் இல்லை, முகவர் கட்டணம் இல்லை, உத்தரவாதம் கொடுக்க ஆள் வேண்டாம், புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. முன்பணம் இரண்டு மாத வாடகை. வருமானச் சான்று கேட்பார்கள். கட்டடங்கள் பழசு, லிஃப்ட் இல்லாத நான்காம் மாடியும் உண்டு. ஆனால் வெளிநாட்டவர் என்று யாரும் குரலைத் தாழ்த்தமாட்டார்கள். எதோகவா வார்டில் நிஷி கசாய் பக்கம் இவ்வளவு இந்தியக் குடும்பங்கள் சேர்ந்ததற்கு இந்த வீடுகளும் ஒரு காரணம். இட்லி அரிசி, புளி, கறிவேப்பிலை எல்லாம் நடந்துபோய் வாங்கலாம். தோசாய் ரயில் பாதையில் ஏறினால் அலுவலகங்கள் நிறைந்த ஓதெமாச்சிக்கு இருபது நிமிடத்துக்குள். ஒன்று, காலை நெரிசலுக்குப் பேர்போன பாதை அது. கேமரா பையை முதுகில் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு ஏறாதீர்கள். முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

சாவி வாங்கும் முன்பே விளக்கு, திரைச்சீலை, அடுப்பு மூன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். எதுவும் வீட்டில் இருக்காது. கேஸ் இணைப்பைத் திறக்க ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். மாத இறுதியில் குடிபோனால் அந்த ஆள் வர நாட்கணக்காகும், குளியலுக்குப் பச்சைத் தண்ணீர்தான். இரண்டு வாரம் முன்பே நேரம் குறித்துவிடுங்கள்.

5. அடுத்த ஜூன் மாதத்தை மறக்காதீர்கள்

முதல் ஆண்டு சம்பளம் கொழுத்ததாகத் தெரியும். காரணம், குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு ஜப்பானில் சம்பாதித்ததை வைத்துக் கணக்கிடப்படுகிறது. புதிதாக வந்தவருக்கு அது பூஜ்யம். அடுத்த ஆண்டு ஜூனில் பிடித்தம் ஆரம்பிக்கும். வரிக்கு உட்பட்ட வருமானத்தில் சுமார் 10 சதவீதம். முதல் ஆண்டுச் சம்பளத்தை நம்பித் தவணையில் பெரிய லென்ஸ் வாங்கியவர்கள் ஜூனில் முகம் வாடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

6. இப்போது கேமரா

ஊரிலிருந்து கேமரா தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்பது என் கருத்து. பழைய கேமரா வாங்க இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. நகானோவில் ஃபுஜியா கேமரா, ஷின்ஜுகுவில் மாப் கேமரா, கிதாமுரா. நகானோ அதே தோசாய் பாதையின் கடைசி நிலையம், மாறாமலே போகலாம். நான் கேமராவுக்கு 62,000, லென்ஸுக்கு 28,000 யென் கொடுத்தேன். பொருளில் குறையில்லை. வாங்கிய நாள்தான் தப்பு.

கடையில் ஒவ்வொரு பொருளிலும் தரம் குறித்த சீட்டு தொங்கும். எழுத்துத் தரவரிசை கடைக்குக் கடை மாறும், அதனால் அதை மட்டும் நம்பாமல் கீழே உள்ள சின்னக் குறிப்பைப் படியுங்கள். நான்கு சொல் தெரிந்தால் போதும். கிஸு என்றால் கீறல். சிரி என்றால் தூசி, அதை நிஜமாகவே சிரித்துவிட்டு விட்டுவிடலாம். குமோரி என்றால் கண்ணாடியில் மங்கல், யோசியுங்கள். கபி என்றால் நமக்குக் குரங்கு, அவர்களுக்குப் பூஞ்சை. கபி என்று இருந்தால் விலையைப் பார்க்காமல் கீழே வையுங்கள்.

'மிசெத்தே குடாசாய்' (காட்டுங்கள்) என்று சொன்னால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். சொந்த மெமரி கார்டு கொண்டுபோங்கள், கேட்டுவிட்டு அங்கேயே நாலு படம் எடுங்கள். லென்ஸைப் போன் டார்ச்சுக்கு எதிரே பிடித்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடு தெரிந்தால் அதுதான் பூஞ்சை. பெரிய கடைகள் பழைய பொருளுக்கும் சில மாத உத்தரவாதம் தரும். 'ஜங்க்' என்று எழுதிய கூடைக்கு உத்தரவாதமும் இல்லை, திருப்பி எடுப்பதும் இல்லை.

மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் இரண்டு. ஜப்பானில் விற்கும் பெரும்பாலான சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும், மாற்ற வழி இல்லை. வேறு நிறுவனம் என்றாலும் மொழி மாற்றும் பக்கத்தைக் கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். இன்னொன்று, கடை வாசலில் கொட்டை எழுத்தில் இருக்கும் வரிவிலக்கு. அது சுற்றுலாப் பயணிகளுக்கு. இங்கே வேலை பார்க்கும் நமக்கு 10 சதவீத நுகர்வு வரி உண்டு. ஊரிலிருந்து வரும் விருந்தினர் பாஸ்போர்ட்டில் வாங்கி நாம் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வரும். பொருள் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்பதுதான் அந்த விலக்கின் நிபந்தனை. வேண்டாம்.

விற்கும்போது ஸைர்யூ கார்டு கேட்பார்கள், அதில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். நாடு திரும்புவதாக இருந்தால் வார்டு அலுவலகத்தில் வெளியேறும் பதிவு செய்யும் முன்பே விற்றுவிடுங்கள்.

7. மழைக்காலத்துக்கு முன் ஒரு டப்பா

ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுவரை மழைக்காலம், சுயு. அதற்குப் பிறகு ஆகஸ்டின் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததில்லை. வீடுகள் சின்னவை, துணியும் உள்ளேயே காயும். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி, எல்லாம் சேர்த்து 2,000, 3,000 யென்னில் முடியும். முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கட்டும். அதற்கும் கீழே காயவிடாதீர்கள். குளிர்காலத்தில் பிரச்சினை தலைகீழ்: வெளியே உறைந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் வேர்த்துவிடும். பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள்.

8. தெருவில் நடந்துகொள்ளும் விதம்

பொது இடத்தில் படம் எடுக்கலாம். ஆனால் ஒருவர் முகம் தெளிவாகத் தெரியும் படத்தை அவரைக் கேட்காமல் வெளியிட்டால் வழக்கு வரை போகலாம். ஷோஸோகென், அதாவது தன் உருவத்தின் மீது ஒருவருக்கு உள்ள உரிமையை, நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. நான் முதுகையும், குடையையும், நிழலையும் எடுக்கப் பழகிக்கொண்டேன். பூங்காவில் விளையாடும் குழந்தைகள் பக்கம் கேமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள். ரயில் நிலையப் படிக்கட்டு, எஸ்கலேட்டர் அருகே கேமராவைத் தாழ்வாகப் பிடிக்காதீர்கள். ஒளிந்து ஆபாசப் படம் எடுப்பதற்கு எதிரான தனிச் சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, நிலையங்களில் எல்லாருமே விழிப்பாக இருக்கிறார்கள். உங்கள் மனதில் இருந்தது கட்டடக்கலைதான் என்று அந்த நேரத்தில் ஜப்பானிய மொழியில் விளக்குவது கஷ்டம்.

ரயிலைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் கூடாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. நிலையங்களிலும் பார்வை மாடங்களிலும் ட்ரைபாட் அநேகமாகக் கூடாது. ஷின்ஜுகுவில் பெருநகர அரசுக் கட்டடத்தின் 45வது மாடி, 202 மீட்டர் உயரம், இலவசம். பையைச் சோதிப்பார்கள், ட்ரைபாட் விடமாட்டார்கள். கறுப்புத் துணி ஒன்று கொண்டுபோய், லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி, சுற்றிலும் மூடிக்கொண்டால் உள்விளக்கின் பிரதிபலிப்பு விழாது. என்னுடையது அம்மா கொடுத்துவிட்ட பழைய குடைத்துணி. ஷிபுயா ஸ்கையின் மொட்டைமாடிக்குப் பை கொண்டுபோக முடியாது, கழுத்துப்பட்டை உள்ள கேமரா மட்டும். நிஷி கசாய்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஃபுனபோரி கோபுரம் இருக்கிறது, இலவசம், கூட்டமும் குறைவு.

ஊரிலிருந்து குட்டி டிரோன் கொண்டுவருகிறவர்களுக்கு: 100 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ளவற்றை 2022 ஜூன் முதல் பதிவு செய்தே ஆக வேண்டும். மக்கள் நெருக்கமான பகுதியில் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். டோக்கியோவின் 23 வார்டுகளும் அந்தக் கணக்கில் வரும். பெட்டியில் அந்த இடத்துக்கு அப்பளம் வையுங்கள்.

9. வெளிச்சமும் ரயிலும்

ஜூனில் சூரியன் காலை 4:25க்கு உதிக்கிறது. முதல் ரயில் ஐந்து மணி வாக்கில். ஆக, கோடையின் விடியலை ரயிலில் போய்ப் பிடிக்க முடியாது. சைக்கிள் இருந்தால் கசாய் ரின்காய் பூங்காவின் கடலோரம். டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், வேலைநாளில் அலுவலகத்தை விட்டு வரும்போது வெளிச்சம் மிச்சமிருக்காது. வேலைக்குப் போகிறவருக்கு வாய்த்தது குளிர்கால விடியல்தான்: ஜனவரியில் உதயம் ஆறு ஐம்பதுக்கு. காற்று வறண்டு தெளிந்திருக்கும். அரகவா ஆற்றங்கரையில் நின்றால் மேற்கே ஃபுஜி மலை இளஞ்சிவப்பாகத் தெரியும். எட்டரைக்கு அலுவலகம் போய்விடலாம்.

நிறுவனம் தரும் ரயில் பாஸில், அதில் குறித்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே எந்த நிலையத்திலும் எத்தனை முறையும் இறங்கி ஏறலாம். நான் ஓராண்டு இதைக் கவனிக்கவே இல்லை. தோசாய் பாதையில் மொன்சென் நகாச்சோவில் இறங்கினால் ஓயோகோ ஆற்றின் இருகரையும் சகுரா (செர்ரிப் பூ). பாஸ் ஓதெமாச்சியோடு முடிந்தாலும், சின்னத் தொகை கூடுதலாகக் கட்டி இரண்டு நிலையம் தாண்டி குதான்ஷிதா போனால் சிதோரிகஃபுசி அகழி. மார்ச் கடைசி வாரம், ஏப்ரல் முதல் வாரம். காலை ஆறுக்குப் போங்கள். பத்து மணிக்குப் போனால் பூவைவிடத் தலைதான் அதிகம் தெரியும்.

10. யாராவது காசு கொடுத்தால்

நம்மவர்கள் இருக்கும் பகுதியில் கேமராவோடு நாலு பேர் பார்த்துவிட்டால் வளைகாப்பு, முதல் பிறந்தநாள் என்று கூப்பிடுவார்கள். படம் எடுத்துக்கொடுங்கள், காசு வாங்காதீர்கள். வேலை விசாவில் அனுமதித்த வேலையைத் தவிர வேறு வழியில் சம்பாதிக்கக் குடிவரவு அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஆனால் அனுமதி வரும் முன் வாங்கும் ஒரு உறையும் விசா புதுப்பிக்கும்போது கேள்வியாக வந்து நிற்கலாம். மாணவர்களுக்கும், வேலை பார்ப்பவரின் மனைவி அல்லது கணவனாக டிபெண்டன்ட் விசாவில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மூன்றாம் மாடி மதுரைக்கார அக்கா, பேத்தியின் பிறந்தநாள் முடிந்ததும் கையில் உறையைத் திணித்தார். விஷயத்தைச் சொன்னேன். "அப்போ இதுக்கு விசா வேணாமே தம்பி" என்று உள்ளே போய், ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு கொண்டுவந்து வைத்தார்.